நூற்றிருபதுக்கு எண்பது

அன்றைக்கு வீட்டில் யார் யார் இருந்தோம் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். உன் அப்பா இருந்தார், கூடத்து நாற்காலியில். நான் இருந்தேன். உன் பெண்டாட்டி நிர்மலா இருந்தாள். உன் மகள் யாழினி, அப்போது நாலு வயது, கட்டிலுக்கு அடியில் பொம்மையைத் தேடிக்கொண்டிருந்தாள். உறைக்குத் தயிர் வாங்கக் கிண்ணத்தோடு வந்த பக்கத்து வீட்டு நூர்ஜஹான் போகாமல் நின்றுவிட்டாள். பின்தெருக் கம்பவுண்டர் ஏழுமலை இருந்தார், அவரை வரவழைத்தது நான். ஆறு பேர். நீ இல்லை. நீ ஓசூரில் இருந்தாய். உனக்குத் தெரிந்ததெல்லாம் பிறகு நான் உனக்குச் சொன்னதுதான். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஐந்தாவதோடு நின்றவள் நான். யாழினி விட்டுப்போன நோட்டில் நாலு நாளாக எழுதுகிறேன். ஒரு பக்கம் எழுதினால் கண் எரிகிறது. எழுந்தால் தலை சுற்றுகிறது, சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறேன். போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை பார்த்தேன். நீ "இன்னாம்மா, சொல்லு" என்றாய். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். வரும் செவ்வாய்க்கிழமை கோர்ட்டில் நீயும் அவளும் பிரிந்துபோவதற்குக் கையெழுத்துப் போடப்போகிறீர்கள். யாழினிதான் போனில் சொன்னாள், ஆயா, இனிமே அப்பா வேற வீடாம், அம்மா வேற வீடாம் என்று, ஏதோ பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்ட செய்தி மாதிரி. அந்தக் கையெழுத்துக்கு முன்னால் இது உன் கையில் இருக்க வேண்டும். படித்துவிட்டு நீ என்னோடு பேசாமல் போனாலும் போ. சண்டை போடவும் எனக்கு இப்போது தெம்பில்லை, சமாதானம் ஆகவும் தெம்பில்லை.

உன் அப்பாவுக்குப் பிரஷர் இருந்தது உனக்குத் தெரியும். எத்தனை வருஷமாக என்பது தெரியாது. நீ பத்தாவது படிக்கும்போது டேனரியில் ஆட்களை வரிசையாக நிற்கவைத்துப் பார்த்தார்கள், அப்போதே அவருக்கு நூற்று எண்பது. டிரம்மில் தோலைப் போட்டு, தண்ணீரும் மருந்தும் விட்டுச் சுற்றவிடுவது அவர் வேலை. அந்த ஈரத்தில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருவார், வந்தால் ஊறுகாய் இல்லாமல் சோற்றில் கை வைக்க மாட்டார். மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். போட்ட அன்றெல்லாம் தலை கிறுகிறுக்கிறது என்பார். அப்படியானால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள் என்று சொன்னது நான். தினமும் போட்டால் அப்புறம் அது இல்லாமல் உடம்பு நிற்காது என்று எனக்குச் சொன்னவள் உன் பெரிய அத்தை. என் கல்யாணத்துக்கு ஓட்டைக் குடம் கொண்டுவந்து வைத்தவள் அவள், அவள் யோசனையை நான் கேட்டிருக்கவே கூடாது. ஒருநாள் விட்டு ஒருநாள் என்பது போய், தலை வலித்தால் மட்டும் என்று ஆனது. தலை வலிக்கவே இல்லை. இப்படியே இருபது வருஷம் அவர் உடம்பு அந்த உயரத்திலேயே நின்று பழகிவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் அதை ஆரோக்கியம் என்று நினைத்துக்கொண்டோம்.

நிர்மலாவை எனக்குப் பிடிக்காமல் போனதற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. வந்த முதல் வாரமே, எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது, ரசத்தில் உப்பு ஜாஸ்தி அத்தை என்றாள். அது உண்மை. அதனால்தான் இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் இருந்தவளை, முதலுதவிக்கு என்று பத்துப் பேரோடு சேர்த்துப் பொறுக்கி இரண்டு நாள் வகுப்பு நடத்தினார்கள். மேல்கோட்டில் குத்திக்கொள்ளப் பட்டை ஒன்று கொடுத்தார்கள். அந்தச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து உன் அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, கற்றுக்கொண்டதைச் செய்து காட்டினாள். மாமா சிரிங்க என்றாள், சிரித்தார். இரண்டு கையையும் தூக்குங்க என்றாள், தூக்கினார். பேரைச் சொல்லச் சொன்னாள். "போலீசுல புடிச்சிக் குடுக்கப்போறியாம்மா?" என்று கையைத் தூக்கியபடியே அவர் கேட்க, யாழினி உருண்டு சிரித்தாள். வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை கீழே இறங்கினால், பேச்சு குழறினால் அது பக்கவாதம், ஒரு நிமிஷம் நிற்கக் கூடாது, வாயில் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது, நேராகப் பெரிய ஆஸ்பத்திரி என்று சொன்னாள். நானும் அங்கேதான் நின்றேன். காது கேட்டது. இரண்டு நாள் வகுப்புக்கு இவ்வளவு ஆட்டமா என்றுதான் மனசுக்குள் ஓடியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி இருக்கும். டீ டம்ளர் அவர் கையிலிருந்து நழுவியது. குனிந்தவர், எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நிர்மலா ஓடிவந்து அவர் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, "மாமா, சிரிங்க" என்றாள். எனக்கு உச்சந்தலை கொதித்தது. மனுஷன் கை விளங்காமல் உட்கார்ந்திருக்கிறார், இவள் அன்றைக்கு ஆடிய விளையாட்டை இன்றைக்கும் ஆடுகிறாள் என்றுதான் எனக்குப் பட்டது. சத்தியமாக அப்படித்தான் பட்டது, கண்ணு. அவர் சிரிக்கப் பார்த்தார். பாதி வாய்தான் வந்தது. நிர்மலா எழுந்து, போனை எடுத்து, நூற்றெட்டுக்கு அடித்து, தெருப் பேரைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். நான் அதற்குள் நூர்ஜஹானை அனுப்பி ஏழுமலையைக் கூட்டிவரச் சொல்லிவிட்டேன். நாற்பது வருஷமாக நம் தெருவுக்கு அவர்தானே டாக்டர். அவர் பிரஷர் மிஷின் பட்டையைக் கையில் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். இருநூற்றுப் பத்துக்கு நூற்றிருபது. அந்த நம்பரைச் சொன்ன பிறகு ஒருவரும் உன் அப்பா முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாரும் மிஷினையே பார்த்தோம்.

இது இறங்காவிட்டால் மூளையில் நரம்பு வெடித்துவிடும் என்றார் ஏழுமலை. அப்ப இறக்குப்பா என்றேன். நிர்மலா குறுக்கே வந்து நின்றாள். "வாயில எதுவும் குடுக்காதீங்க அத்த. வண்டி வருது. ஆஸ்பத்திரியில பாத்துக்குவாங்க." நான் அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கி நிறுத்தினேன். "தையல் மிஷின் ஓட்டறவளுக்கு டாக்டர் வேலை இன்னாடி தெரியும்? அந்தாண்ட போ." போன் திரும்ப அடித்தது, அவர்கள்தான். நானே எடுத்து, வேணாம்பா, சரியாய்ப் போச்சு என்று சொல்லி வைத்தேன். ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்பாய். ஆம்புலன்ஸ் கத்திக்கொண்டு தெருவுக்குள் வந்தால் ஊர் கூடிவிடும் என்று நினைத்தேன். அது ஒரு காரணம். இன்னொன்று, அவள் சொல்லி நான் கேட்டதாக ஆகிவிடும். இரண்டாவதுதான் பெரிய காரணம். இத்தனை நாள் கழித்து அதை மறைத்து என்ன செய்யப்போகிறேன்.

ஏழுமலை சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்தார், உள்ளே மருந்து தண்ணீராக இருக்கும் மாத்திரை. ஊக்கால் குத்தி அவர் நாக்குக்கு அடியில் பிழிந்துவிட்டார். டேனரி டிஸ்பென்சரியில் இருந்த காலத்தில் கற்றுக்கொண்ட வழி, எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறார். அரை மணி கழித்துப் பார்த்தால் நூற்று அறுபது. எனக்கு உயிர் வந்தது. அப்போது உன் அப்பாவுக்கு விரல் அசைந்தது. தண்ணி என்று கேட்டார், குழறலாகத்தான், ஆனால் கேட்டார். போதும்மா, இனி மெதுவாகப் பார்க்கலாம் என்று ஏழுமலை மிஷினைச் சுருட்டப் போனார். நான் விடவில்லை. "நூத்தி இருவதுக்கு எண்பது இருக்கணும்னு நீதானப்பா ஊர் பூரா சொல்ற. அந்த அளவுக்குக் கொண்டாந்து வுடு." இரண்டாவது மாத்திரையையும் குத்தினார். குத்தச் சொன்னது நான். அது வேலை செய்தது. சரியாக நூற்றிருபதுக்கு எண்பது. ஒரு பரீட்சையில் பாஸ் ஆன மாதிரி இருந்தது எனக்கு. காபி போட்டு எல்லாருக்கும் கொடுத்தேன். நிர்மலாவுக்கும் ஒரு டம்ளரைக் கொண்டுபோய் நீட்டினேன், இப்போது என்ன சொல்கிறாய் என்பதுபோல. அவள் வாங்கவில்லை. மாமாவின் கையை எடுத்துத் தன் கையில் வைத்திருந்தாள். "கை முழுசா விழுந்துடுச்சி அத்த" என்றாள். அவர் கண் சொருகியிருந்தது. கூப்பிட்டால் திரும்பவில்லை. மிஷினில் நம்பர் நன்றாக இருந்தது.

நூர்ஜஹான் வீட்டுக்காரர் காரில் போட்டு வேலூருக்குக் கொண்டுபோனோம். போய்ச் சேரும்போது பதினோரு மணி. அங்கே சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தர் வந்து, வீட்டில் மாத்திரை எதுவும் கொடுத்தீர்களா, யார் கொடுத்தது என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "தெரியாம குடுத்துட்டோம் மேடம். ரெண்டு" என்றாள் நிர்மலா. குடுத்துட்டாங்க என்று சொல்லவில்லை. குடுத்துட்டோம் என்றாள். எல்லாம் தெரிந்தவள், தெரியாமல் என்றாள். மூன்று மணிக்கு நீ ஓடிவந்தாய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டாற ஏம்மா இவ்ளோ லேட்டு என்று கேட்டாய். நான் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுகிறேன், நீ மறந்திருந்தால் இப்போது ஞாபகப்படுத்திக்கொள். "உம் பொண்டாட்டியக் கேளு. மாத்திரை குடுக்க வுடாம மறிச்சிக்கினு நின்னா. அந்தப் பேஜாருலயே நேரம் பூரா போச்சி." அவள் மறித்தது நிஜம். நேரம் போனதும் நிஜம். இரண்டையும் சேர்த்துத் தைத்தது நான். அவள் உன் அப்பாவின் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள். நீ அவளைப் பார்த்தாய். கேளு என்றுதான் சொன்னேன், நீ கேட்கவில்லை.

மறுநாள் நீ மருந்து வாங்க வரிசையில் நின்றபோது அந்த டாக்டரம்மா என்னையும் நிர்மலாவையும் உட்காரவைத்துப் பேசினார். பிரஷர் அவ்வளவு ஏறியதால்தானே இது வந்தது என்று நான் கேட்டேன். அவர் ஸ்கேன் உறையின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். ஒரு வார்த்தை விடாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மூளைக்குப் போகும் ரத்தத்தை மூளையே பார்த்துக்கொள்கிறதாம். பிரஷர் ஏறினால் அங்கேயுள்ள சின்னக் குழாய்கள் தாமாகவே சுருங்கிக்கொள்ளும், இறங்கினால் விரிந்துகொள்ளும். வெளியே எப்படி இருந்தாலும் உள்ளே போகிற ரத்தம் ஒரே அளவு. நாம் படுக்கையிலிருந்து எழும்போதெல்லாம் மயங்கி விழாமல் இருப்பது அதனால்தானாம். ஆனால் வருஷக்கணக்காகப் பிரஷர் ஏறியே இருந்தால் குழாயின் சுவர் தடித்து, அந்த ஏற்றத்துக்கே பழகிவிடுமாம். அதற்கும் கீழே சட்டென்று இறக்கினால் அதற்குமேல் விரிந்துகொடுக்க அதனால் முடியாது. மற்றவர்களுக்கு நூற்றிருபது சரி, அவருக்கு அது பஞ்சம். அதிலும் அடைப்பு விழுந்த இடத்தில் குழாய்கள் சுருங்கவும் விரியவும் தெரியாமல் கிடக்கும், வெளியே பிரஷர் எவ்வளவோ அவ்வளவுதான் அங்கே ரத்தம் போகும். "மூளை பட்டினியா கெடக்குதுன்னு உடம்பு தானா ஏத்துன பிரஷர்மா அது. அதைப் புடிச்சி நீங்க இறக்கிட்டீங்க" என்றார். திட்டவில்லை. அவர் குரலில் தூக்கம் இல்லாத களைப்பு இருந்தது. இறக்க வேண்டிய நோயாளிகளும் உண்டு, ஆனால் அது ஸ்கேன் பார்த்து, பக்கத்திலேயே உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் செய்கிற வேலை என்றார். அந்த மாத்திரை இல்லாவிட்டால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். சொல்ல முடியாதும்மா, கை கால் இவ்வளவு போகாமல் இருந்திருக்கலாம் என்றார். இருந்திருக்கலாம். அந்த ஒரு வார்த்தையைத்தான் இரண்டரை வருஷமாக நான் மென்றுகொண்டிருக்கிறேன். நீ மருந்தோடு திரும்பி வந்து, டாக்டர் இன்னா சொன்னாங்க என்றாய். பார்க்கலாம்னாங்க என்றேன்.

பிறகு ஒரு வருஷமும் எட்டு மாசமும் அவர் படுக்கையில் கிடந்தார். நீ பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்தாய், அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாய், அவளோடு பேசாமல் பையை எடுத்துக்கொண்டு போனாய். அவள் கம்பெனியை விட்டு நின்றாள். இரண்டு மணிக்கு ஒருதரம் அவரைப் புரட்டிப் படுக்கவைத்தாள். மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றினாள். முதுகில் ஒரு புண் வரவில்லை, கண்ணு, ஒன்றுகூட. நான் சும்மா இருக்கவில்லை. கஞ்சி கம்மி, துணி சரியாகப் பிழியவில்லை, உன் கை பட்டாலே அவர் முகம் சுளிக்கிறார் என்றெல்லாம் சொன்னேன். சரி அத்த என்பாள். ஒருநாள் தாங்க முடியாமல், "நீ சொன்னபடியே ஆச்சே, இப்ப சந்தோஷமா உனக்கு?" என்று கேட்டேன். ஒத்தடத்துக்கு வைத்த தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டே, "இது சூடு போதுமா பாருங்க அத்த" என்றாள். உன் அப்பா போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நீ எல்லார் எதிரிலும் அவளைப் பார்த்து, "எங்கப்பாவைக் கொன்னவ நீ" என்றாய். மறுநாள் யாழினியைக் கூட்டிக்கொண்டு ஜோலார்பேட்டையில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் வாசல்வரை வந்தேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம், நானும் சரி, அவளும் சரி. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாள்.

உனக்கும் கம்பெனி செக்கப்பில் நூற்று ஐம்பது வந்தது என்று அவள்தான் ஒருமுறை என்னிடம் சொன்னாள். நீ சொல்லவில்லை. மாத்திரையைத் தினமும் போடு. தலை சுற்றினால் டாக்டரிடம் போய்ச் சொல், நீயாக நிறுத்தாதே, நீயாகக் கூட்டாதே. மெதுவாக ஏறியதை மெதுவாகத்தான் இறக்க வேண்டும், மூளைக்குப் பழகிக்கொள்ள நாள் வேண்டும். என்றைக்காவது உன் வாய் கோணினால் பக்கத்தில் இருப்பவர்கள் மிஷினைத் தேடாமல் வண்டியைத் தேட வேண்டும். உன்னைச் சிரிக்கச் சொல்லிப் பார்க்க ஒருத்தி பக்கத்தில் இருக்க வேண்டும். ஓசூரில் அந்த அறையில் உனக்கு யார் இருக்கிறார்கள்?

செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் ஜோலார்பேட்டைக்குப் போ. இந்த நோட்டை அவளிடம் காட்டினாலும் சரி, காட்டாவிட்டாலும் சரி. அன்றைக்கு என்ன நடந்தது என்று அவளிடம் கேள். அவள் சொல்ல மாட்டாள், எனக்குத் தெரியும். சொல்லும்வரை உட்கார்ந்திரு. அவள் அம்மா உன்னை உள்ளே விடாவிட்டால் வெளியிலேயே உட்கார்ந்திரு, நீ சொன்ன வார்த்தைக்கு அது பெரிய தண்டனை இல்லை. அவள் சம்மதித்தால் ஓசூரில் வீடு பார். இங்கே கூட்டிக்கொண்டு வராதே. யாழினியை மட்டும் எப்போதாவது கொண்டுவந்து காட்டு. நூர்ஜஹானையும் கேட்டுப் பார், அவள் பொய் சொல்ல மாட்டாள். இத்தனை நாள் அவள் பேசாமல் இருந்ததற்கு, நீங்களே உங்க பையன்கிட்ட சொல்லுவீங்கன்னு நெனச்சேன் என்று என்னிடம் சொன்னாள். போன வாரம்தான் சொன்னாள்.

என் குணம் உனக்குத் தெரியும். யார் எந்த வருஷம் என்ன செய்தார்கள் என்பது எனக்கு மறக்காது. ஆனாலும் உட்கார்ந்து எழுத எழுத ஒவ்வொருவராக உதிர்ந்துபோகிறார்கள். ஏழுமலை கருமாதி அன்றைக்கு வந்து சுவரோரம் நின்று, என் கையாலதாம்மா என்று அழுதார். அதோடு ஊக்குக் குத்துகிற வேலையை விட்டுவிட்டார். அவரை மன்னித்துவிட்டேன். உன் பெரிய அத்தை செத்துப்போனாள், அவளையும் விட்டேன். நீ உன் பெண்டாட்டியை ஒரு வார்த்தை கேட்காமல் தீர்ப்புச் சொன்னாய், அதற்கு உன்மேல் கோபம் இருந்தது. ஆனால் என் பேச்சை அப்படியே நம்பும்படி உன்னை வளர்த்தது நான், உன்னை என்ன சொல்ல. என்னை மன்னிப்பது என் வேலை இல்லை. ஒருத்தியை மட்டும் முடியவில்லை. நியாயம் அவள் பக்கம் என்று தெரிந்துதான் சொல்கிறேன். ஒரே ஒருதரம் என் முகத்துக்கு நேராக, நான் அப்பவே சொன்னேனே என்று அவள் கத்தியிருந்தால், நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தி, அழுது, அவள் காலில்கூட விழுந்திருப்பேன், எல்லாம் அன்றோடு முடிந்திருக்கும். ஒரு வருஷமும் எட்டு மாசமும் ஒரே வீட்டில் அதை எனக்குக் கொடுக்காமல் வைத்திருந்தாள். நீ அவளோடு நன்றாக இரு. நான் சாகிறவரை மன்னிக்க முடியாதவள் அவள் ஒருத்திதான், நிர்மலா.